வெளிச்சமும் செய்தித்தாளும்

1933 மே 12 அன்று போர்ட் பிளேர் செல்லுலர் சிறையில் உண்ணாவிரதம் ஒன்று தொடங்கியது. அதைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் மூன்று பெயர்களைத் தவறாமல் சொல்கிறார்கள்: மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மோய்த்ரா. குழாய் செருகி வலுக்கட்டாயமாகப் பால் புகட்டியதன் விளைவாக அந்த மே மாதத்துக்குள்ளேயே இறந்துபோனவர்கள் இவர்கள். பட்டினியோ ஜூன் 26 வரை, 46 நாள் நீண்டது. எதற்காகப் பட்டினி கிடந்தார்கள் என்ற பட்டியலை மட்டும் பலர் ஒரே வாக்கியத்தில் தாண்டிவிடுகிறார்கள். வாயில் வைக்கக்கூடிய சோறு, சோப்பு, படுக்கை, அறைக்கு விளக்கு, புத்தகம், செய்தித்தாள், சக கைதிகளோடு பழக அனுமதி.

முதல் மூன்றுக்கும் விளக்கம் தேவையில்லை. சிறை என்று ஒன்று இருக்கும் இடத்திலெல்லாம் கேட்கப்படுபவை அவை. மீதி நான்கைச் சேர்த்துப் படித்தால் அவை ஒரே கோரிக்கையின் நான்கு துண்டுகள் என்பது தெரியும். விளக்கு வேண்டும் என்பது இருட்டுக்குப் பயந்து அல்ல; அந்தியில் கதவு பூட்டியபின் விடியும்வரை நீளும் நேரத்தில் படிப்பதற்கு. படிப்பதற்குப் புத்தகமும் செய்தித்தாளும். படித்ததைப் பேச ஆள். சோற்றுக்காக ஒருவன் உயிரைப் பணயம் வைப்பது புரிகிறது. செய்தித்தாளுக்காக வைப்பானா? வைத்தார்கள் என்றால், அது எவ்வளவு காலமாக, எப்படி மறுக்கப்பட்டு வந்திருக்க வேண்டும்? இந்தக் கேள்வியோடுதான் 1933-இலிருந்து பின்னோக்கிப் போனேன்.

மிகப் பழைய சாட்சி ஏடு அல்ல, கட்டடம். 1896-இல் தொடங்கி 1906-இல் முடிந்தது. நடுவில் காவல் கோபுரம், அதிலிருந்து சக்கரத்தின் ஆரங்கள் போல ஏழு சிறகுகள், மூன்று மாடி. அறைகளின் எண்ணிக்கை நூலுக்கு நூல் மாறுகிறது. 693 என்பார் உண்டு, 698 என்பாரும் உண்டு. நம் தேடலுக்கு அந்த ஐந்து அறை முக்கியமில்லை. முக்கியம், ஒரு சிறகின் முகப்பு அடுத்த சிறகின் முதுகைப் பார்த்து நிற்பது. கம்பிக் கதவருகே வந்து நிற்கும் கைதிக்கு எதிரே தெரிவது இன்னொரு கைதியின் முகம் அல்ல, சுவர். தப்பியோடுவதைத் தடுக்க இந்த ஏற்பாடு வேண்டியதில்லை. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடல் இருந்தது. சுவர்களைக் கட்டியவர்கள் தடுக்க நினைத்தது பேச்சை என்று நான் கொள்கிறேன். ஆனால் கட்டடம் நோக்கத்தைக் காட்டுமே தவிர, நடைமுறையைக் காட்டாது. அதற்கு ஆட்களின் வாக்குமூலம் வேண்டும்.

அரசியல் கைதிகளின் முதல் அலையிலிருந்து நான்கு நினைவு நூல்கள் நமக்கு இருக்கின்றன. அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் 1909 இறுதியில் கப்பலேறிய பாரீந்திரகுமார் கோஷ், உபேந்திரநாத் பானர்ஜி, உல்லாஸ்கர் தத் மூவரும் எழுதினார்கள். 1911 ஜூலை 4 அன்று வந்துசேர்ந்த விநாயக் தாமோதர் சாவர்க்கரின் ‘மாஜீ ஜன்மடேப்’ 1927-இல் மராத்தியில் நூலாகிப் பின்னர் அரசால் தடைசெய்யப்பட்டது. நான்குமே விடுதலைக்குப் பின் எழுதப்பட்டவை. ஒவ்வொருவருக்கும் தன்னைக் காட்டிக்கொள்ள ஒரு கோணம் இருந்தது. சாவர்க்கர் நூலில் அந்தக் கோணம் சற்றுத் தூக்கலாகவே இருக்கும். எனவே ஒரு விதி வைத்துக்கொண்டேன். ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் சொல்வதை ஏற்பது. ஒருவர் மட்டும் சொல்வதை ஒற்றைச் சாட்சி என்று குறித்து வைப்பது. கூடவே, வரலாற்றாசிரியர் ஆர். சி. மஜும்தார் அந்தமான் தண்டனைக் குடியேற்றம் பற்றி 1975-இல் வெளியிட்ட தொகுப்பில் அரசுக் கோப்புகளும் கைதிகளின் மனுக்களும் இருக்கின்றன. அவை அந்தந்த நேரத்தில் எழுதப்பட்டவை என்பதால் நினைவு நூல்களை உரசிப் பார்க்க உதவும்.

உரசிப் பார்த்தபின் நிற்பவை இவை. ஒரே வழக்கில் தண்டனை பெற்றவர்களை வேண்டுமென்றே வெவ்வேறு சிறகுகளில் பிரித்து வைத்தார்கள். பேசினால் தண்டனை, கைவிலங்கு மாட்டி நிற்கவைப்பது அதில் ஒன்று. வீட்டுக்கு ஆண்டுக்கு ஒரு கடிதம், வீட்டிலிருந்து ஒரு கடிதம், இரண்டும் அதிகாரி படித்தபின். சாவர்க்கரின் அண்ணன் கணேஷ் அதே சிறையில்தான் இருந்தார். அவருக்குக் கிடைத்த ஆயுள்காலத் தீவாந்தர தண்டனை, அதாவது கடல் கடத்தல், குண்டு வீசியதற்காக அல்ல, மராத்தியில் பாடல் தொகுப்பு வெளியிட்டதற்காக. சகோதரர்கள் இருவரும் குடும்பத்தாரை ஒன்றாகச் சந்திக்க 1919 வரை ஆயிற்று.

1913 நவம்பரில் உள்துறை உறுப்பினர் ரெஜினால்ட் க்ராடக் சிறையைப் பார்வையிட வந்தபோது சாவர்க்கர் கொடுத்த மனு மஜும்தார் தொகுப்பில் உண்டு. மன்னிப்புக் கோரிக்கை என்ற கோணத்தில் அது இன்று ஓயாமல் விவாதிக்கப்படுகிறது. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. அதே மனுவின் முற்பகுதியில் ஒரு முறையீடு கிடக்கிறது. அரசியல் கைதிக்கு உரிய சலுகை கேட்டால் நீ சாதாரணக் கைதி என்கிறார்கள். சாதாரணக் கைதிக்குக் கிடைப்பதைக் கேட்டால் நீ தனி வகுப்பு என்கிறார்கள். முறையீட்டின் சாரம் இதுதான். ஆறு மாதம் கழித்து மற்றவர்கள் வெளிவேலைக்குப் போய் நாலு பேரோடு பழகும்போது இவர்கள் மட்டும் உள்ளேயே வைக்கப்பட்டார்கள். ஆக, கட்டடத்தின் நோக்கமாக நான் ஊகித்தது சட்டப்புத்தகத்தில் இல்லாத ஒரு தனி வகுப்புக்கு நடைமுறையாகவே இருந்திருக்கிறது.

இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் பாதுகாப்பு. கலகக்காரர்கள் கூடினால் சதி செய்வார்கள். செய்தி வந்தால் உற்சாகம் கொள்வார்கள். நியாயமான விளக்கம்தான். ஆனால் புத்தகம் பற்றிய சாட்சியம் அதற்குள் அடங்க மறுக்கிறது.

தொடக்கத்தில் புத்தகத்துக்கும் நேரக் கட்டுப்பாடு, ஒருவர் புத்தகத்தை இன்னொருவர் வாங்கிப் படிக்கத் தடை. கைதிகள் விடாமல் வாதாடி, தத்தம் வீட்டிலிருந்து வந்தவற்றை ஒன்றுசேர்த்து ஒரு நூலகமே அமைத்தார்கள். அது இறுதியில் இரண்டாயிரத்தைத் தொட்டது என்பது சாவர்க்கர் தரும் கணக்கு. அரசியல் நூல்களை அதிகாரிகள் நிறுத்தியதில் வியப்பில்லை. வியப்பு, ஜெயிலர் டேவிட் பாரி யோகம், தத்துவம், பிரம்மஞானம் பற்றிய நூல்களையும் வெறுத்தார் என்பது. அவை ஆளைப் பைத்தியமாக்கும் என்று அவர் கருதினாராம். யோக நூல் படித்து எந்தக் கோட்டையை யார் பிடித்துவிட முடியும்? பாதுகாப்புக் காரணம் இங்கே நொண்டுகிறது. தன் காவலில் இருப்பவனின் தலைக்குள் எது போகலாம் என்று முடிவுசெய்வது தன் உத்தியோகத்தில் சேர்த்தி என்று அந்த மனிதர் நினைத்திருக்கிறார். கொடுமைக்காரர் என்று மட்டும் அவரைச் சொல்லிவிட்டால் இது தவறிப்போகும். அவருக்குத் தம் கைதிகள்மேல் ஒருவிதப் பொறுப்புணர்ச்சிகூட இருந்ததுபோலத் தெரிகிறது. அந்தப் பொறுப்புணர்ச்சிதான் அவர்களுக்குச் செக்கைவிட அதிகமாக எரிச்சலூட்டியதோ என்று சில பக்கங்களைப் படிக்கையில் தோன்றுகிறது. செக்கு என்றால் ஒரு நாளைக்கு 30 பவுண்டு தேங்காயெண்ணெய். மாட்டுக்குப் பதில் மனிதன்.

அடுத்த தடயம் 1915-ஐச் சேர்ந்தது. அந்த ஆண்டு பிப்ரவரி 19 அன்று மிதவாதத் தலைவர் கோபால கிருஷ்ண கோகலே இறந்தார். செய்தியைச் சாவர்க்கருக்குச் சொன்னவர் பாரியேதான். சாவர்க்கர் வருந்தியதைப் பார்த்து, அவர் உமக்கு எதிர்க்கட்சி ஆயிற்றே என்று ஜெயிலர் வியந்திருக்கிறார். கருத்து வேறுபாடு வேறு, மரியாதை வேறு என்ற பொருளில் பதில் வந்தது. இது ஒற்றைச் சாட்சி. எழுதியவர் தம் பெருந்தன்மையைத் தாமே சொல்லும் இடம் என்பதையும் மறக்கக் கூடாது. இருந்தாலும் அந்த உரையாடலில் பாரியின் வியப்பு எனக்குப் புனைவாகப் படவில்லை. ஒருவன் தன் கட்சிக்காரன் பேச்சைத்தான் கேட்பான், எதிர்க்கட்சிக்காரன் அவனுக்கு ஒன்றுமில்லை என்ற அனுமானம் அதில் இருக்கிறது. இன்னொன்றும் கவனிக்க வேண்டியது: செய்தியே கூடாது என்ற இடத்தில் இந்தச் செய்தி தடையின்றி உள்ளே வந்திருக்கிறது. ஜெயிலர் வாய்வழியே வந்தால் செய்தி ஆபத்தானது அல்ல. வார்டர் மூலமோ, அதிகாரிகள் வீட்டு வேலைக்குப் போன கைதி மடியில் ஒளித்துவந்த கிழிந்த தாள் துண்டு மூலமோ வந்தால் குற்றம். யார் சொல்லக் கேட்பது என்பதில்தான் சிறையின் அக்கறை முழுக்க இருந்தது.

இங்கே கொஞ்சம் தமிழ்நாட்டுப் பக்கம் திரும்ப வேண்டியிருக்கிறது. 1908 ஜூலை 7 அன்று திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே வ. உ. சிதம்பரம் பிள்ளைக்கு விதித்தது இரண்டு தீவாந்தர தண்டனைகள், 20 ஆண்டு வீதம் நாற்பது. ஒன்று அவர் பேசிய ராஜத்துரோகப் பேச்சுக்கு. மற்றது சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு. அதாவது இன்னொருவர் பேசவும் ஊர் அதைக் கேட்கவும் வழிசெய்ததற்கு. பேசிய சிவாவுக்கோ பத்து ஆண்டுதான். மேல்முறையீட்டில் வ. உ. சி.யின் தண்டனை வெகுவாகக் குறைந்தது. அவர் அந்தமானைப் பார்க்கவே இல்லை. கோயம்புத்தூர், கண்ணனூர் சிறைகளில் கழித்து 1912 இறுதியில் வெளியே வந்தார். ஆனாலும் பின்ஹேயின் கணக்கு என் தேடலுக்கு ஒரு சாவி தந்தது. பேசியவனுக்குப் பத்து, கேட்கவைத்தவனுக்கு அதற்கு மட்டுமே இருபது. அதே மனக்கணக்கில்தான் 1909-இல் சாவர்க்கரின் 1857 பற்றிய நூல், அச்சாகி வரும் முன்பே, சுங்கச் சட்டத்தைக் கொண்டு தடுக்கப்பட்டது. 1911-இல் பாரதியின் ‘கனவு’ம் ‘ஆறில் ஒரு பங்கு’ம் சென்னை அரசின் தடைக்கு உள்ளாயின. ஆறில் ஒரு பங்கு தீண்டாமையைக் கண்டிக்கும் ஒரு காதல் கதை என்பதைப் படித்தவர்கள் அறிவார்கள்.

பத்திரிகைக்காரர்களே நேராக அந்தமானுக்குப் போன வழக்கும் உண்டு. அலகாபாத்தில் 1907-இல் தொடங்கிய ‘ஸ்வராஜ்ய’ என்ற உருது வார ஏடு இரண்டரை ஆண்டில் 75 இதழ் கண்டது. ஓர் ஆசிரியர் சிறை புகுந்ததும் அடுத்தவர் வந்து உட்கார்ந்தார். லதா ராம், நந்த கோபால் போன்றோர் அந்த நாற்காலியிலிருந்து செல்லுலர் சிறைக்கே வந்துசேர்ந்தார்கள். நந்த கோபால் அசலான ஆசாமி. செக்கில் கட்டியதும் மறுக்கவில்லை. ஆனால் அவசரப்படவும் இல்லை. தன்போக்கில் மெல்லச் சுற்றினார், சாப்பாட்டு வேளையில் நிதானமாக மென்று தின்றார், காவலர் அதட்டினால் உடம்புக்கு நல்லதில்லை என்றார். அன்றைய அளவு எண்ணெய் வரவில்லை. பத்திரிகை ஆசிரியரை வேலைவாங்குவது எந்தக் காலத்திலும் சுலபமில்லை போலிருக்கிறது.

சில பட்டியல்கள் ஸ்வராஜ்ய ஆசிரியர்களில் ஒருவராகச் சேர்க்கும் ஹோதிலால் வர்மா இன்னொரு திசையில் சுவரை உடைத்தார். சிறையின் நிலையை எழுதிய அவர் கடிதம் கள்ளத்தனமாக வெளியேறி, 1912-இல் சுரேந்திரநாத் பானர்ஜியின் ‘பெங்காலி’ நாளேட்டில் வந்தது. அதே ஆண்டு ஏப்ரல் இறுதியில் இந்து பூஷன் ராய் அறையில் தூக்கிட்டு இறந்தார். அரசுத் தரப்பு அதைத் தனிப்பட்ட மனக்குழப்பம் என்றது. தோழர்கள் வேலைக் கொடுமை என்றார்கள். ஜூன் மாதத்தில் உல்லாஸ்கர் தத் மனநிலை பிறழ்ந்தார். மலேரியாவின் விளைவு என்பது அரசு விளக்கம். கைவிலங்கில் தொங்கவிட்டிருந்தபோது கண்ட காய்ச்சல் என்பது மறுதரப்பு. அவரைப் பிறகு சென்னை மனநோய் மருத்துவமனைக்கு, அதாவது கீழ்ப்பாக்கத்துக்கு, கொண்டுவந்தார்கள். 1920-இல் விடுதலையாகும்வரை அவர் இருந்தது தமிழ் மண்ணில். மரணச் செய்தியிலும் நோய்ச் செய்தியிலும் அரசு சொன்னதே ஏடேறும் என்ற நிலையை ஹோதிலாலின் ஒரு கடிதம் கெடுத்தது. சிறையைப் பற்றி இன்னொரு குரலையும் நாடு கேட்க நேர்ந்தது. க்ராடக் நேரில் வந்ததற்கு அந்தச் சலசலப்பும் காரணம்.

சர் அலெக்சாண்டர் கார்டியூ தலைமையில் அமைந்த 1919-20 சிறைக் குழு அந்தமானுக்குக் கைதிகளை அனுப்பும் வழக்கத்தை ஏறத்தாழ நிறுத்தச் சொன்னது. சாவர்க்கர் சகோதரர்கள் 1921 மே மாதம் இந்தியச் சிறைகளுக்கு மாற்றப்பட்டார்கள். கதை அங்கே முடிந்திருக்கலாம். ஆனால் சிட்டகாங் ஆயுதக் கிடங்குத் தாக்குதலுக்குப் பின் 1932-இல் அரசு மீண்டும் கப்பலை அனுப்பியது. பழைய கட்டடம், பழைய விதிகள். பெல்லாரி, சேலம், திருச்சி, ராஜமகேந்திரவரம் என்று சென்னை மாகாணச் சிறைகளில் சிதறிக் கிடந்த லாகூர் சதி வழக்குக் கைதிகளும் 1933 தொடக்கத்தில் சென்னை வழியாகப் போய்ச் சேர்ந்தார்கள். மகாவீர் சிங், படுகேஷ்வர் தத், விஜயகுமார் சின்ஹா அவர்களில் சிலர். இந்தியச் சிறைகளில் புத்தகத்துக்கும் ஏட்டுக்கும் பட்டினி கிடந்தே பழகியவர்கள் இவர்கள். இவர்களின் தோழர் ஜதின் தாஸ் 1929-இல் இறந்தது அப்படிப்பட்ட பட்டினியில்தான். அன்றைய கோரிக்கைப் பட்டியலிலும் நூல்களும் நாளேடும் இருந்தன. எனவே 1933 பட்டியலின் வேர் போர்ட் பிளேரில் மட்டும் இல்லை. கையில் கிடைத்துவிட்ட ஓர் உரிமை கடலைத் தாண்டியதும் பறிபோனதன் கோபமும் அதில் கலந்திருக்கிறது. 1910-இன் கைதிகள் கெஞ்சியும் வாதாடியும் கேட்டதை 1933-இன் கைதிகள் அதட்டிக் கேட்டதற்கு எனக்குக் கிடைத்த சிறந்த விளக்கம் இது.

46-ஆம் நாள் முடிவில் அவர்களுக்குக் கிடைத்தவற்றில் விளக்கும் நூல்களும் இருந்தன. தங்களுக்குள் பேசிப் பழகும் அனுமதியும் இருந்தது. கட்டடத்தின் தத்துவம் கட்டடம் நிற்கும்போதே தோற்றுப்போனது. 1936-இல் பார்வையிட்ட உள்துறை உறுப்பினர் ஹென்றி க்ரெய்க் கைதிகளின் சொர்க்கம் என்று அதை வர்ணித்தார். விஜயகுமார் சின்ஹா 1939-இல் கான்பூரிலிருந்து வெளியிட்ட நூலுக்குச் சூட்டிய பெயரில் அது பாஸ்தீல் சிறை. இரண்டும் ஒரே ஆண்டுகளைப் பற்றியவை. ஆனால் இரண்டையும் வைத்துப் பார்த்தால் ஒன்று உறுதிப்படுகிறது: அங்கே ஏராளமான புத்தகம் படிக்கப்பட்டது, வகுப்புகள் நடந்தன. க்ரெய்குக்கு அது சலுகை, சின்ஹாவுக்கு அது வென்றெடுத்தது.

கிடைத்த சுதந்திரத்தை வைத்து என்ன செய்தார்கள் என்பதுதான் இந்தத் தேடலில் எனக்குப் பிடித்த பகுதி. வங்கத்துப் புரட்சிக் குழுக்கள் அனுசீலன், யுகாந்தர் என்று பிரிந்து கிடந்தவை. ஒவ்வொரு குழுவிலும் ‘தாதா’ உண்டு. அண்ணன் என்ற உறவுச்சொல்தான், ஆனால் இளையவன் யாரோடு பழகலாம், எதைப் படிக்கலாம் என்று தீர்மானிக்கும் தலைவர். மற்றக் குழுவின் தாதா பேச்சைக் கேட்பதே துரோகத்துக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டது. பாரியிடம் இருந்த அதே அக்கறை இங்கே அன்பின் சொல்லில். சிறையில் டாக்டர் நாராயண் ராய் போன்றோர் நடத்திய மார்க்சிய வகுப்புகளில் உட்கார்ந்தவர்கள் ஜெயிலரை மட்டுமல்ல, தங்கள் தாதாக்களையும் மீறித்தான் உட்கார்ந்தார்கள். 1935-இல் பொதுவுடைமைக் குழு ஒன்று உள்ளேயே உருவாயிற்று. கையெழுத்து ஏடும் நடத்தினார்கள். எல்லோரும் அதில் சேரவில்லை. புதிய குழு தன் பங்குக்கு எந்தப் புத்தகத்தை மேலே வைத்தது, எதைக் கீழே தள்ளியது என்பதையும் ஆராய்ந்தால் நம் நாயகர்கள் சற்றுச் சங்கடப்படக்கூடும்.

1937 ஜூலை இறுதியில் மீண்டும் பட்டினி. இம்முறை கேட்டது விளக்கு அல்ல. தாயகம் திரும்புவதும் விடுதலையும். நாடெங்கும் கூட்டங்கள் நடந்தன. கல்கத்தா டவுன் ஹாலில் நடந்த கண்டனக் கூட்டத்துக்கு ரவீந்திரநாத் தாகூர் தலைமை தாங்கினார். கைதிகள் பட்டினியைக் கைவிட்டது ஆகஸ்ட் 28 அன்று, காந்தி அனுப்பிய தந்தியைக் கேட்டு. பயங்கரவாதத்தை நம்பியிருந்தவர்கள் இனி அதை நம்பவில்லை என்று அவருக்குத் தந்தியும் அடித்தார்கள். அவர்களில் பலரும் துப்பாக்கி ஏந்தியதே காந்தியின் வழி உதவாது என்று முடிவுகட்டித்தான். இந்த மாற்றத்தைப் பட்டினியின் களைப்பு என்று சொல்பவர்கள் உண்டு. நாலு ஆண்டு வாசிப்பையும் வாதத்தையும் கணக்கில் எடுக்காமல் அப்படிச் சொல்ல முடியாது என்றே ஆவணங்கள் என்னை நினைக்கவைக்கின்றன. அதே சமயம் தந்தியின் ஒவ்வொரு சொல்லும் எல்லோர் மனமும் அல்ல என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தந்தி என்பது கூட்டாக எழுதப்படுவது.

1937 செப்டம்பரில் தொடங்கி 1938 ஜனவரிக்குள் எல்லோரையும் தாயகச் சிறைகளுக்குக் கொண்டுவந்தார்கள். விடுதலை அல்ல, இடமாற்றம் மட்டும். 1937 இறுதியில் காந்தி கல்கத்தா அலிப்பூர்ச் சிறைக்குப் போய் அந்தமானிலிருந்து திரும்பியவர்களை நேரில் சந்தித்தார். அவர்கள் விடுதலைக்காக வங்க அரசோடு அவர் நடத்திய பேச்சு அப்போது முழுப் பலன் தரவில்லை. சிட்டகாங் வழக்கின் கணேஷ் கோஷ் போன்றவர்கள் 1946 வரை உள்ளேயே இருந்தார்கள். வெளியே வந்த அவர் சேர்ந்தது காங்கிரசில் அல்ல, பொதுவுடைமைக் கட்சியில்.